சிசிலி அக்கா ஏசாத நாட்கள்

தஞ்சோங் காராங் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. கையெல்லாம் மீன் தண்ணீர். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எடுத்தேன். சிசிலி அக்காவின் மகள் ரெஜினா. "அங்கிள், காலையிலேயே டிஸ்டர்ப் பண்றேன், மன்னிச்சிருங்க. அம்மா தவறிட்டாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். தாயைப் பறிகொடுத்த பெண், என்னைத் தொந்தரவு செய்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எத்தன மணிக்கும்மா?" என்றேன். அவள் சொன்ன பதில் காதில் விழவில்லை. மீன்காரர் பையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் பக்கத்தில், சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். நரைத்த தலையோடு ஒருத்தன் மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து அழுதால் நாலு பேர் கூடத்தான் செய்வார்கள். கூடினார்கள். யார் போய்விட்டார் என்று சொன்னதும் அவர்களில் இரண்டொருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் சிசிலி அக்காவிடம் ஏச்சு வாங்காதவர்கள் குறைவு.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்காக ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் அவருடன் வேலை செய்தவர், ஒரு பக்கம் எழுதுங்கள் என்று ஃபாதர் கேட்டார். நான் கோயில் கும்பிடுகிற ஆள். மாதா கோயில் மலரில் எழுதுவது எனக்குப் புதிது. ஒரு பக்கம் போதாது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஆறுதலாக எழுத எனக்கு வராது. ஆனால் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

அரசாங்க கிளினிக்கில் பதிவு கவுண்டர் அவருடையது, மருந்து கவுண்டர் என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வரும் அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் மாத்திரை எண்ணினேன். அவர் நர்ஸ் அல்ல, பதிவு எழுதுகிறவர். ஆனாலும் தோட்டத்து சனத்துக்கு அவர் 'சிசிலி மிசி'தான். தமிழில், மலாயில், சந்தைக்குப் போதுமான ஹொக்கியன் சீனத்தில், எல்லா மொழியிலும் சரளமாகச் சலித்துக்கொள்வார். சுங்கை புரோங்கிலிருந்து வரும் நெல் விவசாயிகள், அவர் ஒரு நாள் அமைதியாக இருந்துவிட்டால், "இன்னிக்கு ஏச்சு இல்லையா?" என்று மலாயில் கேட்டுச் சிரிப்பார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வாய்த்துடுக்கு. பக்கத்திலேயே இருந்த எனக்குத்தான் அதற்குள் இருந்த ஒழுங்கு தெரியும். வரிசை எண்ணைக் கூப்பிடுகிற மெஷின் தகராறு செய்தால் அது 'சனியன்'. ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், ஓடும். மனிதர் யாரையும் அவர் சனியன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மேலிடத்திலிருந்து வருகிற புதுப் புது உத்தரவுகளுக்கு தொல்லை என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்கிற சொல்லை வைத்திருந்தார்: "லேச்சே லா இது, நேத்து ஒண்ணு சொன்னான், இன்னிக்கு ஒண்ணு சொல்றான்." துணி காயப்போட்ட நாளில் மழை வந்தால், முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கினால், அது 'கரைச்சல்'. ஓயாத தொல்லை என்று அர்த்தப்படுகிற 'ரோதனை' மட்டும் தனி. அதை அவர் ஆள் பார்த்துத்தான் கொடுப்பார். "என்னா ரோதன புடிச்ச மனுசன்யா நீ" என்று ஒருவர் அவரிடம் வாங்கிவிட்டால், அவருக்கு அந்த கிளினிக்கில் இனி குறையில்லை என்று அர்த்தம். அவர் மருந்துக்கு வரவேண்டிய நாளில் வராவிட்டால் சிசிலி அக்கா வீட்டுக்கே ஃபோன் போட்டுவிடுவார்.

பிடிக்காதவர்களுக்கு என்ன கொடுப்பார் என்கிறீர்களா? மரியாதை கொடுப்பார். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிற குத்தகைக்காரர் ஒருவர் இருந்தார். வரிசையில் நிற்கமாட்டார், நேராகக் கவுண்டருக்கு வந்து கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவரைப் பார்த்ததும் அக்காவின் குரல் தேனாகிவிடும். "வாங்கய்யா, கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஒக்காருங்க, ரொம்ப சந்தோசங்க" என்பார். அந்த மனிதருக்கு ஏகப் பெருமை. அடுத்த முறை இன்னும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார். அவருடைய எண் மட்டும் கடைசிக்கு முன்னால் வராது. நான் மருந்து அலமாரிக்குள் தலையை விட்டுச் சிரிப்பேன். "பழகாதவன ஏசுனா சண்ட வரும் மணியம். பழகுனவன ஏசலன்னா அவன் வேற ஆளாப் போயிருவான்" என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சமயம் கோலாலம்பூரிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் மாற்றலாகி வந்தார். நம் பிள்ளைதான், ஆனால் நகரத்தில் வளர்ந்தவர். அன்று தடுப்பூசி நாள். செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண், தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் நிற்கிறாள். கொழுகொழு என்ற குழந்தை. சிசிலி அக்கா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஐயே, இத எங்கேருந்து தூக்கிட்டு வந்த? மூக்கப் பாரு, சப்ப மூக்கு. என்னா ரோதன புடிச்ச புள்ள இது!" அந்தத் தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, ஒரு தாயிடம் இப்படிப் பேசலாமா, யாராவது புகார் எழுதினால் என்ன ஆகும் என்று கண்டித்தார். அக்கா, "சரிங்க டாக்டர்" என்று வந்துவிட்டார். அது குத்தகைக்காரருக்குக் கொடுக்கிற 'ங்க' என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த தடுப்பூசி நாளில் கவுண்டருக்கு வந்த ஒவ்வொரு குழந்தையையும் அவர் பாராட்டினார். "அழகான பிள்ளை. நல்ல எடை. ரொம்ப ஆரோக்கியமா இருக்கு" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். தாய்மார்களின் முகம் ஒவ்வொன்றாகக் கறுத்தது. நல்ல வார்த்தை சொன்னால் கண் பட்டுவிடும் என்று தோட்டத்து லயத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். பிடித்த பிள்ளையை ஏசித்தான் காப்பாற்றுவார்கள். ஒருத்தி பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இன்னொருத்தி மருந்து வாங்க என்னிடம் வந்து, "அண்ணே, மிசிக்கு எம்மேல என்னா கோவம்? நான் என்னா செஞ்சேன்?" என்று கண் கலங்கக் கேட்டாள். வீட்டுக்குப் போய் எத்தனை பிள்ளைக்கு மிளகாய் சுற்றிப் போட்டார்களோ, தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்த டாக்டருக்கே குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பு முடிவதற்கு முன் எல்லோருக்கும் காட்டத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா எழுந்து நின்று, "வாழ்த்துகள் டாக்டர். நல்ல பிள்ளை" என்றார். டாக்டர் அங்கேயே நின்றார். போகவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். அப்புறம் மெல்ல, "எல்லா பிள்ளைங்களையும் ஏசறீங்க, என் பிள்ளைய மட்டும் ஏன் ஏசமாட்டறீங்க அக்கா?" என்றார். கிளினிக்கே சிரித்துவிட்டது. அக்கா கையை நீட்டி, "குடு இங்க அந்த ரோதனைய" என்று வாங்கிக்கொண்டார். கிறிஸ்தவர்களுக்குக் கண் திருஷ்டியில் எல்லாம் நம்பிக்கை உண்டா என்று நான் பிறகு கேட்டேன். "ஃபாதர்கிட்ட போய் சொல்லித் தொலைக்காத" என்றார். இத்தனை காலம் சொல்லாமல்தான் இருந்தேன். ஃபாதர் மன்னிக்கட்டும்.

என் வீட்டுக்காரி சரோஜா இறந்தபோது என் வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. எல்லோரும் என்னிடம் மெல்லப் பேசினார்கள். தோளைத் தட்டினார்கள். "மனச தேத்திக்குங்க" என்றார்கள். என் பிள்ளைகள்கூட என் முன்னால் குரலைத் தாழ்த்தினார்கள். காரியம் எல்லாம் முடிந்து, ஆட்கள் கிளம்பிப் போன பிறகு சிசிலி அக்கா வந்தார். கையில் ஒரு சட்டியில் சார்டின் குழம்பு. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாடிய எடுக்கல. சட்டியக் கழுவல. ஊடு நாறுது. சரோஜா இப்ப வந்து பாத்தா எப்படி இருக்கும்? எந்திரிய்யா! பசியாறுனியா இல்லியா? ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று கத்தினார். நான் எழுந்தேன். தட்டைக் கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தேன், ஒரு வாய் வைத்ததும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். சரோஜா போன பிறகு அதுவரை நான் அழவில்லை. அக்கா அழாதே என்று சொல்லவில்லை. "அழுதுகிட்டே தின்னு, குழம்பு ஆறுது" என்றார்.

இனி ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். ரெஜினா இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். ஒற்றை மகளை அக்கா ஏச்சும் பேச்சுமாகத்தான் வளர்த்தார். பள்ளி முடிந்து கிளினிக்குக்கு வந்து, மருந்து கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். தாய் கவுண்டரில் கத்தும்போதெல்லாம் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாள். "அங்கிள், எங்கம்மா ஏன் இப்படிப் பேசறாங்க? எனக்கு வெக்கமா இருக்கு. நான் பெரியவளானா யாரையும் இப்படிப் பேசமாட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னபடியே செய்தாள். நன்றாகப் படித்து, ஷா ஆலாமில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தங்கமான பெண்.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் என்று ஆனதும், ரெஜினா வந்து தாயைக் கையோடு அழைத்துப் போனாள். மகள் கூப்பிட்டுப் போவதற்கு எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்பார். "ரெஜி நல்லாப் பாத்துக்கறா" என்பார். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நான் வேண்டுமென்றே ஏதாவது உளறுவேன். "சரி, பரவால்ல" என்று வைத்துவிடுவார். எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

ஒரு நாள் நேரில் போனேன். போகும்போது பாகான் நக்கோடா ஓமார் மீனவர் கிராமத்தில் காய வைத்த கருவாடு ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டேன். சிறுநீரக நோயாளிக்கு உப்பு ஆகாது என்பது மருந்து கவுண்டரில் இத்தனை வருசம் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாங்கினேன். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, "அறிவு இருக்காய்யா ஒனக்கு? என்னக் கொல்லவா வந்த?" என்று ஏசுவார் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். அவர் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எதுக்குங்க இவ்வளவு சிரமம்? ரொம்ப நன்றிங்க" என்றார்.

எனக்கா 'ங்க'? அந்தக் குத்தகைக்காரருக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுத்தார். உயிரே போய்விட்டது எனக்கு.

ரெஜினா கோப்பி கலக்க உள்ளே போனாள். நான் அக்காவின் கட்டிலுக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னக்கா ஆச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுப் பேசினார். "எம் மவ தங்கம் மணியம். தூக்கி ஒக்கார வைக்கிறா, குளிப்பாட்டுறா, சாப்பாடு அளந்து குடுக்கறா. வேலையும் பாக்கறா. கண்ணெல்லாம் குழி விழுந்து போச்சு. ஆனா ஒரு தடவகூட என்ன ஏசமாட்டேங்கறா. எத்தன தடவ கூப்புட்டாலும், இட்ஸ் ஓகேமா, இட்ஸ் ஓகேமாங்கறா. விருந்தாளியத்தானே யாரும் ஏசமாட்டாங்க? நான் எம் மவ ஊட்டுல விருந்தாளியா ஆயிட்டேன்." அப்படியென்றால் நீங்களாவது ஏசவேண்டியதுதானே என்றேன். "நானே பாரம். பாரம் வாய வேற தொறக்குமா?" என்றார். அப்புறம் கருவாட்டுப் பொட்டலத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, ரெஜினா பார்ப்பதற்குள் பைக்குள் வைக்கச் சொன்னார். வருகிற வழியெல்லாம் எனக்கு யாரையாவது போட்டு அடிக்க வேண்டும் போல ஆத்திரம். யாரை அடிப்பது? அந்தப் பெண்ணும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஏசாமல் இருப்பதுதான் அன்பு என்று தாயைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது. எடுத்ததும், "தூங்குறியா? எந்திரிய்யா!" என்று சத்தம். பழைய குரல். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அதே குரல். நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன். "இன்னிக்கு எங்க ரெஜி என்ன ஏசிட்டா மணியம்!" என்றார். கல்யாணச் சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

ரெஜினா பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருந்திருக்கிறாள். இவர் கை தவறி பார்லித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டார். மகளைக் கூப்பிட மனமில்லாமல், தானே எழுந்து மாப்பை எடுத்துத் துடைக்கப் போயிருக்கிறார். ஈரத் தரையில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அவள் வந்து பார்த்துவிட்டாள். "என்னம்மா நீங்க! எத்தன தடவ சொல்றது? விழுந்தா யாரு பாக்கறது? ஒரே ரோதன ஒங்களோட! கொஞ்ச நேரம் சும்மா படுங்க லா!" என்று கத்தி, மாப்பைப் பிடுங்கி மூலையில் எறிந்திருக்கிறாள்.

"எப்புடி ஏசுனா தெரியுமா? அப்படியே என் வாயி! கைய இடுப்புல வச்சிக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு… எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இவ்வளவு நாளு எங்கடி வச்சிருந்த இதன்னு கேக்கலாம்னு இருந்துச்சு" என்று அக்கா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அப்பறம் என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"அப்பறம் பாத்ரூமுக்குள்ள போயி அழுவுறா. இங்க வரைக்கும் கேக்குது. பைத்தியக்காரி. அழுதுட்டு வந்து எங் கால புடிச்சிக்கிட்டு, சாரிமா, சாரிமாங்கறா. எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சா அவ இன்னும் அழுவாளேன்னு செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

"சொல்லிட வேண்டியதுதானேக்கா அவகிட்ட?"

"சொல்றேன், சொல்றேன். நாளைக்கு டயாலிசிசுக்குப் போவணும்ல? காடியில ஏறி கதவச் சாத்துனதும் ஆரம்பிக்கறேன் பாரு. ரொம்ப நாளா சேத்து வச்சிருக்கேன், போற வழி பூரா ஏசுவேன்" என்றார். என்னையும் ஒரு ஏச்சு ஏசி, உன் கருவாட்டு ஞாபகம் வந்தால் இப்போதும் நாக்கில் தண்ணீர் ஊறுகிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று இரவு ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் என்று ரெஜினாவே பிறகு சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை காரில் ஏறுவதற்கு முன்பே, வீட்டு வாசலில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதே அக்கா மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். கண் திறக்கவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். தாதியர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சில நாட்களில் ரெஜினாவின் ஃபோன் மார்க்கெட்டில் எனக்கு வந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் வெளியே வந்தபோது ரெஜினா என்னைத் தனியாக அழைத்தாள். கண்ணீர் இல்லை, முகம் காய்ந்துபோயிருந்தது. "அங்கிள், நான் அம்மாவ ரோதனன்னு சொல்லிட்டேன். படுத்துக் கெடக்கறவங்கள. கடைசியா நான் சத்தமாப் பேசுன வார்த்த அதுதான். மன்னிப்புக் கேட்டேன், அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அதுக்கப்பறம் என்கிட்ட சரியாப் பேசவே இல்ல" என்றாள். நான் துடித்துப் போனேன். அந்த ஃபோனைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். உன் அம்மா முகத்தைத் திருப்பியது சிரிப்பை மறைக்கத்தான், அன்று அவர் சிரித்த மாதிரி நோய் வந்த பிறகு ஒரு நாளும் சிரிக்கவில்லை என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க ரொம்ப நல்லவங்க அங்கிள். எனக்காகச் சொல்றீங்க. தேங்க்ஸ்" என்றாள். அவள் நம்பவில்லை. எந்தப் பிள்ளைதான் நம்பும்? நோயாளித் தாயை ஏசினேன், அதைக் கேட்டு அவர் ஆனந்தப்பட்டார் என்று சொன்னால், ஆறுதலுக்குக் கட்டிய கதை மாதிரிதானே இருக்கிறது.

அதனால்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். நீங்கள் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். அதன் ருசி உங்களுக்குத் தெரியும். திருப்பலி முடிந்து ரெஜினாவின் கையைப் பிடிக்கும்போது, அம்மா நல்லவங்க, அன்பானவங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்களே. உங்களை அவர் என்ன சொல்லி ஏசினார், எதற்கு ஏசினார், அன்று வீட்டுக்குப் போகும்போது உங்கள் மனம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். செம்பனைத் தோட்டத்திலிருந்து அந்தச் சப்பை மூக்குப் பிள்ளையின் தாய் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் ஒருத்தன் சொன்னால் ஆறுதல். ஊரே சொன்னால் அந்தப் பெண் நம்பித்தான் ஆகவேண்டும்.

சிசிலி அக்காவிடமிருந்து நீ எதை வைத்துக்கொண்டாய் என்று கேட்டால், நான் ஒரு வேலையை வைத்துக்கொண்டிருக்கிறேன். ரெஜினாவுக்குத் தினமும் ஃபோன் செய்கிறேன். காரணமே இல்லாமல் செய்கிறேன். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது எப்படி என்று கேட்கிறேன். மறுநாள் அதையே மறுபடி கேட்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும், "பரவால்ல அங்கிள், நான் சொல்லித் தர்றேன்" என்று பொறுமையாக ஆரம்பிக்கிறாள். அந்தப் பொறுமையைக் கேட்கும்போதெல்லாம் அக்கா சொன்ன 'இட்ஸ் ஓகேமா'தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நேற்று அவள் வேலை நேரத்தில் அழைத்து, டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றேன். "ப்ச்! நேத்துதான அங்கிள் பேட்டரி மாத்தச் சொன்னேன்!" என்றாள். அடுத்த நொடியே, "ஐயோ சாரி அங்கிள், மீட்டிங் போய்க்கிட்டிருக்கு, அதான்" என்று பதறினாள். ஃபோனை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சிசிலி அக்கா போன பிறகு என்னிடம் ஒருவர் எரிந்து விழுந்தது நேற்றுதான். நாளைக்கும் அழைப்பேன்.